ஈக்கு வேட்டி கட்டியவன்

சென்ற மாதம் உங்களில் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். எண்பதுகளில் தாம்பரத்தில் கையால் வரைந்து எடுக்கப்பட்டு, அதன் அரசியலுக்காகவே முடக்கப்பட்ட அனிமேஷன் படத்தைப் பற்றி உங்கள் இதழுக்கு நான் எழுத வேண்டும் என்றார். குரலில் மரியாதை வழிந்தது. "அந்தப் படத்தை முதல்ல புரிஞ்சுக்கிட்டவர் நீங்கதானே சார்?" என்று கேட்டார். நான் மறுக்கவில்லை. இத்தனை வருடங்களாக யார் கேட்டபோதும் மறுத்ததில்லை.

படத்தை முடக்கிய ஆளிடமே முடக்கப்பட்ட கதையைக் கேட்கிறோம் என்பது பாவம், அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் படம் பார்த்து, அதில் இருக்கும் நிறத்தையும் வடிவத்தையும் குறியீட்டையும் பிரித்துச் சொல்லும் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். நானும் அந்தத் தொழிலில்தான் இருந்தேன். பகலில் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தேன். மாலையில் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் எங்கள் திரைப்படச் சங்கத்தை நடத்தினேன். படம் தொடங்குமுன் திரைக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முன்னும் பின்னுமாக நடந்து, இனி பார்க்கப்போகும் படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று விளக்குவேன். மின்சார ரயில் போகும்போது பேச்சை நிறுத்தி, அது போன பிறகு விட்ட இடத்தில் தொடர்வேன். ரயில் அடிக்கடி வரவேண்டும் என்று பார்வையாளர்கள் வேண்டிக்கொண்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

எனக்கும் ஒரு குரு இருந்தார். நான் எழுதிவந்த சிறுபத்திரிகையின் ஆசிரியர். குரோம்பேட்டையில் ஒரு மொட்டைமாடி அறைதான் அலுவலகம். சில நூறு பேர் படிக்கும் பத்திரிகை அது. அவர்களில் பாதிப் பேர் அதில் எழுதுகிறவர்கள், மீதிப் பேர் எழுதக் காத்திருப்பவர்கள். என் முதல் கட்டுரையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் பீடியைக் கடித்துக்கொண்டே பத்தி பத்தியாக அடித்தார்.

"இதெல்லாம் படத்துல இருக்குப்பா. டிக்கெட் எடுத்தவனுக்கே தெரியும். அதை எதுக்கு நீ எழுதறே? இல்லாததை எழுது."

அவர் கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அதை மந்திரமாக எடுத்துக்கொண்டேன். அதன்பிறகு ஒரு படத்தில் யாராவது குடையை விரித்தால் எனக்கு ஒரு பக்கம் நிரம்பியது. படிக்கட்டு வந்தால் வர்க்கம், கதவு சாத்தினால் ஆணாதிக்கம், காக்கை பறந்தால் அரசு. ஒரு படத்தில் காக்கை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது. அதற்கு நான் எழுதியது இரண்டு இதழ்களில் தொடராக வந்தது.

இந்தத் திறமையோடு நான் ஊரில் உலவிக்கொண்டிருந்தபோதுதான் ஸ்டெல்லா படம் எடுத்தார்.

ஸ்டெல்லா மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. முப்பது வயதிருக்கும். எங்கள் சங்கத்துக்கு ஒழுங்காக வருவார், கடைசி வரிசையில் உட்கார்ந்து எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பார். அரசின் ஒரு துறை, எது என்று வேண்டாம், குழந்தைகளுக்கான சிறு படம் ஒன்றை அவரிடம் கேட்டிருந்தது. குடிதண்ணீர்ப் பானையை மூடி வையுங்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்தப் படம் பிடித்துப்போனால் அதேபோல இன்னும் பல படங்கள் அவருக்கே தருவதாகப் பேச்சு. ஸ்டெல்லா சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு வரைய உட்கார்ந்தார். படம் தேறினால் வாழ்நாள் முழுக்க இதையே வேலையாகச் செய்யலாம். தேறாவிட்டால் திரும்பிப் போய்க் கரும்பலகையில் மாம்பழமும் செம்பருத்தியும் வரையலாம். இதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. என்னிடமும்.

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலை லாரிகளின் புழுதி நேராக உள்ளே வரும் வீடு. துணைக்குப் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி. எல்லோருக்கும் அவர் கஸ்தூரி அக்காதான். பல்லாவரத்தில் தோலுக்குச் சாயம் ஏற்றும் இடத்தில் வேலை பார்த்தவர். வண்ணம் பூசக் கை நடுங்காது. இந்த மாதிரிப் படத்துக்கு ஒவ்வொரு அசைவையும் தனித்தனியாகக் கண்ணாடி போன்ற தாளில் வரைந்து வண்ணம் தீட்ட வேண்டும். அந்தத் தாளை வெளியே வாங்கக் கட்டுப்படியாகாது. எனவே பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய எக்ஸ்ரே படங்களை எடைக்கு வாங்கிவந்து, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, யார் யாருடைய நெஞ்செலும்போ போகும்வரை தேய்த்துக் கழுவி, அதில் வரைந்தார்கள். கேமராவுக்கு மட்டும் கோடம்பாக்கம் போனார்கள்.

படம் முடிந்ததும் முதலில் எங்கள் அரங்கில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டுப் பார்த்தோம். பள்ளிப் பிள்ளைகள் நிறைய வந்திருந்தார்கள். படத்தின் கதை இதுதான்: தன் பானையைத் தொலைத்த ஒரு மூடி, தெருத்தெருவாக உருண்டு அதைத் தேடுகிறது. மூடிக்கு இரண்டு கண் மட்டும் உண்டு. அடிபம்புக்கு முன்னால் வரிசையில் நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள் அதைப் பார்த்துச் சிரிக்கின்றன. பித்தளை அண்டா அதைத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொப்பி சின்னது என்று வீசுகிறது. எங்கே பார்த்தாலும் ஈக்கள். ஸ்டெல்லாவின் ஈக்கள் பறப்பதில்லை, நடந்துதான் வரும். இரண்டு காலில் நடந்து, இரண்டு கையை முதுகுக்குப் பின்னால் கோத்து, மிச்ச இரண்டு கையைத் தேய்த்துக்கொண்டே, தொந்தியை முன்னால் தள்ளித் திறந்த பானைகளைச் சுற்றிப் பார்க்கும். அவற்றுக்கு வெள்ளை இறக்கை, ஓரத்தில் அழுத்தமாக ஒரு கோடு. பிள்ளைகள் ஈயைப் பார்த்த ஒவ்வொரு தடவையும் பெஞ்சியில் விழுந்து புரண்டார்கள். கடைசியில் மூடி தன் பானையைக் கண்டுபிடித்து உட்கார்ந்துகொள்கிறது.

படம் முடிந்ததும் நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்டெல்லாவிடம் போனேன்.

"அந்த நீலம். நகரத்தோட தனிமை. அப்படித்தானே?"

"எது சார்?"

"படம் முழுக்க மெலிசா ஒரு நீலம் படர்ந்திருக்கே."

"அது எக்ஸ்ரே சார்."

பக்கத்தில் நின்ற கஸ்தூரி அக்கா கையை விரித்துக் காட்டினார். "தேச்சிகினே கெடந்தோம் சார், அந்த நீலம் போவேனான்னுச்சு. என் கையி தோலுதான் போச்சு."

நான் தளரவில்லை. "சரி, ஈயோட இறக்கைக்கு ஓரத்துல ஒரு கரை கட்டியிருக்கீங்க. அது வேணும்னே செஞ்சதுதானே?"

"ஆமா சார். வெள்ளை இறக்கை, பின்னால வெளிர் சுவரு. ஓரம் கட்டலைன்னா இறக்கையே கண்ணுக்குத் தெரியாது."

இவ்வளவு தெளிவாகச் சொன்னார். எனக்கும் தெளிவாகப் புரிந்தது. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நான் அறியாமல் செய்த தவறு என்று யாராவது பின்னால் எனக்காக வாதாடக் கூடாது. சேலையூருக்குச் சைக்கிளில் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கரையைத்தான் யோசித்தேன். வீட்டுக்கு வந்து, அவர் சொன்னதை ஒதுக்கிவைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

எழுதியதில் ஒரு வாக்கியம் எனக்கு இன்னும் மனப்பாடம்: "வெள்ளை உடுத்து, ஓரத்தில் கரை கட்டி, கைகளைப் பின்னால் கோத்தபடி, மூடப்படாத மக்களின் பானைகளை மேற்பார்வையிட வருகிறது அதிகாரம்." எந்தக் கட்சியின் கரை என்று எழுதவில்லை. எழுதாததால் எல்லாக் கட்சிக்கும் பொருந்தியது. உருண்டு வரும் மூடியைத் தணிக்கை என்றேன். நீலத்தையும் விடவில்லை, அது நகரத் தனிமையாகவே இருந்துகொண்டது. ஆசிரியர் ஒரு வரியைக்கூட அடிக்காமல் அச்சுக்கு அனுப்பினார். "இப்பதான்பா உனக்கு எழுத வந்திருக்கு" என்றார்.

அதோடு போயிருந்தால் சேதமில்லை. அந்தப் பத்திரிகையைப் படித்து எந்த அரசும் நடுங்கியதில்லை.

துறையில் படத்தைப் பார்த்து முடிவெடுக்க ஒரு சிறு குழு போட்டார்கள். கலை தெரிந்தவர் ஒருவரும் இருக்கட்டும் என்று தேடியபோது ஸ்டெல்லாவே என் பெயரைச் சொல்லியிருக்கிறார். பல்லாவரத்தில் அந்தத் துறையின் பயிற்சிக்கூடம், மாடியில் ஒரு நீண்ட அறை. வெள்ளிக்கிழமை. கீழே சந்தை இரைச்சல். இணை இயக்குநர் தலைமையில் ஓர் அதிகாரி, ஒரு டாக்டரம்மா, அப்புறம் கலை தெரிந்த நான். ஸ்டெல்லாவும் கஸ்தூரி அக்காவும் வெளியே வராந்தா பெஞ்சியில் காத்திருந்தார்கள். நான் உள்ளே போகும்போது ஸ்டெல்லா எழுந்து நின்று, "நீங்க இருக்கறது தைரியமா இருக்கு சார்" என்றார்.

படம் ஓடியது. இணை இயக்குநர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க ஆஸ்பத்திரி வராந்தாவுல இதைப் போட்டா நான் பாதி மருந்து எழுத வேண்டியதில்ல" என்றார். இணை இயக்குநர் கோப்பைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார். அந்த நேரத்தில் டீயும் வடையும் வந்தன. பேனாவைக் கீழே வைத்து வடையை எடுத்தார்.

அந்த வடை இடைவெளியில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு மனக்குறை. இவர்கள் எல்லோரும் தவறான காரணத்துக்காகச் சிரித்துவிட்டார்களே! ஈயை ஈ என்று நினைத்துச் சிரித்துவிட்டார்களே! பையைத் திறந்து, கொண்டுபோயிருந்த பத்திரிகைப் பிரதிகளை ஆளுக்கு ஒன்றாக எடுத்து வைத்தேன். "படத்தைப் பத்தி நான் கொஞ்சம் எழுதியிருக்கேன். இது சாதாரணப் படமில்லைன்னு உங்களுக்கும் தெரியணும்."

இணை இயக்குநர் வடை எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. திரும்ப மேலே போய், மறுபடி அதே இடத்துக்கு வந்தது. பேனாவை எடுத்து மூடினார்.

"படத்தை இன்னொரு தடவை போடுங்க."

இரண்டாம் முறை யாரும் சிரிக்கவில்லை. அதே ஈ, அதே நடை. ஆனால் இப்போது அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் இறக்கை தெரியவில்லை; வேட்டிதான் தெரிந்தது. நான் ஒருமுறை சொல்லிவிட்டேன், இனி அதை யாராலும் கண்ணிலிருந்து எடுக்க முடியாது. எழுத்தின் வலிமை என்று நீங்கள் கூட்டங்களில் பேசுகிறீர்களே, அதை நான் நேரில் பார்த்தது அன்றுதான்.

அந்த அதிகாரி மெல்ல முன்னால் சாய்ந்தார். "சார், அந்தக் குண்டு ஈ... யாரு மாதிரி இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லாதீங்க" என்றார் இணை இயக்குநர்.

"மீசை வேற வச்சிருக்காங்க சார்."

"அது மீசை இல்லீங்க, ஈக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார் டாக்டரம்மா.

"உங்களுக்கு அப்படித்தான் தெரியும் மேடம். எலெக்‌ஷன் வர்ற நேரத்துல மேல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்னு யோசிங்க."

ஸ்டெல்லாவை உள்ளே அழைத்தார்கள். கஸ்தூரி அக்கா கதவருகே வந்து நின்றுகொண்டார்.

"ஏம்மா, இது என்ன?" இணை இயக்குநர் திரையைக் காட்டினார். அங்கே ஒரு ஈ பாதி நடையில் நின்றிருந்தது.

"ஈ சார்."

"அது தெரியுது. இது?"

"இறக்கை சார்."

"வேட்டி இல்லையே?"

ஸ்டெல்லாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மேசையில் விரிந்து கிடந்த பத்திரிகையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. என் பக்கம் திரும்பினார். "சார், அன்னிக்கு நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன்ல? ஓரம் கட்டலைன்னா தெரியாதுன்னு?"

இணை இயக்குநரும் என்னைப் பார்த்தார். அவர் கெட்ட மனிதரில்லை. இன்றுவரை அவர் குரலை என்னால் குறை சொல்ல முடியவில்லை. "புரொபசர் சார், எனக்குப் படம் பிடிச்சிருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இது நீங்களா நெனச்சு எழுதுனது, படத்துல அப்படி ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடுங்க. நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று உங்களுக்கு நிறையப் பேர் பாடம் எடுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் மனம் பரபரக்கும், சரியும் தப்பும் தெரியாது என்பார்கள். பொய். எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. 'நானாக எழுதியதுதான்' என்று சொன்னால் படம் பிழைக்கும், கட்டுரை சாகும். சொல்லாவிட்டால் கட்டுரை பிழைக்கும். இரண்டு வார்த்தை. எதிரே நான்கு பேர். கதவருகே ஒருவர். அவர்கள் முன்னால் நான் ஒரு கோமாளியாகிவிடுவேன். அவ்வளவுதான் இழப்பு.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு கலைஞருக்குத் தன் படைப்பில் இருப்பது முழுவதும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை" என்றேன். அறையில் எழுத்துத் தமிழில் பேசினேன். பயத்தில் எனக்கு எப்போதும் அதுதான் வரும். "அவர் அறியாமலே அர்த்தங்கள் வந்து படைப்பில் அமர்ந்துகொள்ளும். ஸ்டெல்லா நினைக்காமல் இருக்கலாம். ஆனால் அது படத்தில் இருக்கிறது."

இணை இயக்குநர் கோப்பை மூடினார். "அவங்களுக்கே தெரியாம இருக்குதுன்னா இன்னும் மோசம் சார். தெரிஞ்சு வச்சிருந்தா எடுக்கச் சொல்லலாம். எனக்கு ரெண்டு பொண்ணு. தண்ணியில்லாத காட்டுக்குத் தூக்கியடிச்சுடுவாங்க." பிறகு ஸ்டெல்லாவிடம், "அந்தக் கரையை எடுத்துட்டுக் கொண்டுவர முடியுமாம்மா?" என்றார்.

"எடுத்தா இறக்கை தெரியாது சார். புழு நடக்கற மாதிரி இருக்கும்."

அவ்வளவுதான். பிறகு அந்தத் துறை, மேசைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து கையில் குச்சியோடு சுகாதாரம் பேசும் படம் ஒன்றை எடுத்துக்கொண்டது. அதில் எந்தக் குறியீடும் இல்லை. ஈயும் இல்லை. பிள்ளைகள் நன்றாகத் தூங்கினார்கள்.

கீழே வந்தோம். சந்தைக் கூட்டத்தில் பழைய இரும்புக்கும் கோழிக்கும் நடுவில் மூவரும் நின்றோம். ஸ்டெல்லா அதோடு விட்டுவிடப் பார்த்தார். கஸ்தூரி அக்காவுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"இன்னா சார், ஈக்கு வேட்டி கட்டிவுட்டியாமே?"

"விடுக்கா" என்றார் ஸ்டெல்லா.

"இன்னாத்த வுடறது? நல்லா கீற படத்த நாசம் பண்ணிட்டு நிக்கறாரு. ஒரு வார்த்த கேட்டாரே அந்த ஆபீசரு, வாயில இன்னா கொழக்கட்டையா வச்சிகினு இருந்த?" அவர் ஓரடி நெருங்கினார். "அது சரி, வேட்டியக் கண்டுபுட்ச்சியே, அந்த நட யாரு நடன்னு கண்டுபுட்ச்சியா?"

"எந்த நடை?"

"ஈ நடதான்!"

"அக்கா, வேணாம்" என்றார் ஸ்டெல்லா.

கஸ்தூரி அக்கா கேட்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டினார். வயிற்றை முன்னால் தள்ளினார். கூட்டத்துக்கு நடுவே சில அடி நடந்து, நின்று, தலையைச் சாய்த்து, ஒரு கோழிக்கூண்டைக் கலைப்படம்போல உற்றுப் பார்த்தார். திரும்பி அதே நடையில் வந்தார். கோழிக்காரர் சிரித்துவிட்டார். யார் என்று தெரியாதவருக்கே சிரிப்பு வந்தது. நான் என் கைகளைக் கவனித்தேன். அவை பின்னால்தான் இருந்தன.

ஸ்டெல்லாவின் முகம் சிவந்துபோனது. "ஒரு நடை வேணும்னு தேடிக்கிட்டிருந்தேன் சார். படம் போடறதுக்கு முன்னால நீங்க நடந்துக்கிட்டே பேசுவீங்கல்ல... சும்மாதான் வரைஞ்சேன். தப்பா எடுத்துக்காதீங்க. ஸாரி சார்."

மன்னிப்புக் கேட்டது அவர். நான் பரவாயில்லை என்று பெருந்தன்மையோடு சொன்னேன்.

அந்தப் படத்தில் நிஜமாகவே ஒளிந்திருந்த பொருள் ஒன்றே ஒன்று. அது நான். அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கண்டுபிடித்திருந்தேன்.

அதன் பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். ஸ்டெல்லா மாம்பழத்துக்குத் திரும்பினார். படச்சுருள் துறையின் அலமாரியில் கிடந்து, நாற்றம் அடிக்கிறதென்று ஒரு நாள் யாரோ தூக்கிப் போட்டார்கள். கட்டுரை வாழ்ந்தது. படம் முடக்கப்பட்டதே நான் எழுதியது உண்மை என்பதற்குச் சான்றாகிவிட்டது. அரசு பயந்துவிட்டது, பார்த்தாயா! கருத்தரங்குகளில் வாசித்தேன். தொகுப்பில் சேர்த்தார்கள். கல்லூரியில் மேலே போனேன். தொண்ணூறுகளில் நான் 'முடக்கம்' என்று சொல்வதை நிறுத்தி, 'தடை' என்று சொல்ல ஆரம்பித்தேன். அது இன்னும் நன்றாக இருந்தது. யாரும் பார்த்திராத ஒரு படத்தைப் பற்றி வருடா வருடம் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதில் ஒரு வசதி உண்டு. யாரும் கையைத் தூக்க மாட்டார்கள்.

நான் எழுதாமல் விட்டதை இப்போதாவது எழுதிவிடுகிறேன். அந்தப் படத்தின் கடைசிக் காட்சி பானைக்கு உள்ளேயிருந்து வரையப்பட்டிருந்தது. பார்க்கிறவர்கள் நாம் இல்லை, தண்ணீர். மேலே வட்டமாக வானம் தெரிகிறது. படம் முழுக்க உருண்ட அந்த மூடியின் வட்டம், வானத்தின் மேல் மெல்ல நகர்ந்து வருகிறது. பிறையாகி, கீற்றாகி, வெளிச்சம் அடங்குகிறது. இருட்டு வந்தால் பயம் வர வேண்டும். வரவில்லை. ஏனென்றால் கீற்று மறையுமுன் மூடியின் இரண்டு கண்களும் மேலிருந்து நம்மை ஒருமுறை பார்க்கும், தூங்கும் குழந்தைமேல் போர்வையை இழுத்துவிடுபவர் பார்ப்பதுபோல. அந்த ஞாயிற்றுக்கிழமை, அதுவரை கத்திக்கொண்டிருந்த அரங்கம் முழுவதும் அந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டது. ரயில்கூட வரவில்லை. அதற்கு ஈடான ஒரு காட்சியை நான் பிறகு பார்த்ததில்லை. அதைப்பற்றி என் கட்டுரையில் இருந்தது ஒரு சொல்: தணிக்கை.

ஒன்று எதைக் குறிக்கிறது என்று எழுதும் முன், அது என்ன என்று எழுதிப் பாருங்கள். அதிலேயே பெரும்பாலும் உங்கள் பக்கம் நிரம்பிவிடும். அதன்பிறகும் ஈக்கு வேட்டி கட்டத் தோன்றினால், அந்த வேட்டிக்கு யார் விலை கொடுக்கப்போகிறார்கள் என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நான் பார்த்த அளவில், எழுதியவன் கொடுப்பதில்லை. உங்கள் இதழில் அந்தப் படத்தைத் துணிச்சலான படம் என்று எழுதாதீர்கள். அது பானையை மூடச் சொன்ன படம். மிக அழகாகச் சொன்ன படம். அப்படியே போடுங்கள், ஸ்டெல்லாவின் பெயரை மேலே போட்டு.

இன்னும் ஒன்று பாக்கி. தொண்ணூறுகளின் நடுவில் என் கட்டுரையை மறுபடி அச்சிட்டவர்கள் படத்திலிருந்து ஓர் ஓவியம் கேட்டார்கள். கோடையில் ஒரு சனிக்கிழமை இரும்புலியூருக்குப் போனேன். ஓவியம் வாங்க வந்ததாகச் சொல்லி நுழைந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கூடத்தில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள். நடுவில் ஸ்டெல்லா. முழங்கைவரை வண்ணம்.

"அந்த ஷீட்டெல்லாம் இப்ப இவங்ககிட்டதான் சார். கழுவிக் கழுவி வரையறாங்க" என்றார்.

ஒரு பையன் தன் தாளை உயர்த்திக் காட்டினான். கப்பலோ என்னவோ. கடல் இல்லாமலே கடலின் நீலம் இருந்தது.

நான் அமர்ந்தேன். தண்ணீர் கேட்டேன்.

"உள்ள பானை இருக்கு, எடுத்துக்குங்க சார். கையெல்லாம் பெயிண்ட்."

சமையலறைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் திருத்திக்கொண்டிருந்தேன். 'ஸ்டெல்லா, அன்றைக்கு' என்று தொடங்குவதா, 'அந்தக் கட்டுரையில்' என்று தொடங்குவதா? எது நன்றாக இருக்கும்?

ஸ்டெல்லா ஒரு பிள்ளையின் தூரிகையைத் திருத்திப் பிடித்துவிட்டபடி, தலை நிமிராமல் கேட்டார்.

"சார், பானையை மூடினீங்களா?"

அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தேன், எத்தனை பக்கம் எழுதினேன், எத்தனை வருடம் பாடம் நடத்தினேன்!

எழுந்து போனேன். சமையலறை வாசலில்தான், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறேன் என்பது தெரிந்தது. எனக்குப் பின்னால் ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. பானையின் விளிம்பில் ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தேன்.

ஈதான்.

மூடியை எடுத்து வைத்தேன். அன்றும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.